6 மீட்டர் பைப்பும் 5 அடி கேட்டும்

அன்புள்ள ஐயா,

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்துவிட்டு ஒரு கிரில் பட்டறையில் வேலை செய்து வருகிறேன். ஆரணி பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி 20க்கு 30 அடியில் ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. அதில் சொந்தமாக கேட், கிரில், மாடிப்படி கைப்பிடி வேலை எடுத்துச் செய்ய ஆசை. கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி சி.என்.சி. பிளாஸ்மா கட்டிங் மெஷின் (கணினி வரைபடப்படி தகடு வெட்டுவது) போட்டால் டிசைன் கேட் ஆர்டர் குவியும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? ரேட்டைக் கிலோவுக்குச் சொல்வதா, சதுர அடிக்குச் சொல்வதா? வெல்டிங் எனக்கு நன்றாக வரும். மற்றதில்தான் பயம்.

ஆ.

அன்புள்ள தம்பிக்கு,

பிளாஸ்மா மெஷின் இப்போது வேண்டாம். அதற்கு ஈரமில்லாத காற்றுத் தரும் கம்ப்ரசர் வேண்டும், நாசிலும் எலக்ட்ரோடும் தேயத் தேய மாற்ற வேண்டும், வரைபடம் போட ஆள் வேண்டும். சிறிய ஊர்ப் பட்டறைக்கு வருகிற டிசைன் தகடு வேலை அதற்குத் தீனி போடாது. தவணை மட்டும் மாதாமாதம் வரும். டிசைன் கேட்டவருக்கு லேசர் கட்டிங் செய்யும் இடத்தில் கூலிக்கு வெட்டி வாங்கிப் பொருத்துங்கள். மெல்லிய தகட்டில் பிளாஸ்மாவைவிட ஓரமும் சுத்தமாக வரும், கிரைண்டர் பிடிக்கும் நேரம் மிச்சம்.

தொடங்க 200 ஆம்ப் இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின், 14 அங்குலக் கட்டிங் மெஷின், 4 அங்குல கிரைண்டர் இரண்டு (ஒன்றில் வெட்டும் டிஸ்க், ஒன்றில் தேய்க்கும் டிஸ்க், மாற்றி மாற்றிப் போடுகிற சோம்பலில்தான் டிஸ்க்கை மூடும் பாதுகாப்பு கார்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்), டிரில்லிங் மெஷின், வைஸ், ஆறேழு கிளாம்ப், நல்ல மூலைமட்டம் போதும். மிச்சப் பணத்தில் சேனல் இரும்பில் மட்டம் பார்த்து ஒரு வேலை மேசை செய்துகொள்ளுங்கள். தரையில் போட்டுப் பற்றவைக்கிற கேட் தரையின் கோணலை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

வெல்டிங் வரும் என்கிறீர்கள். புதிதாகப் பட்டறை போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் கொட்டேஷனில்தான். ஒரு கேட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

வாசல் 10 அடி, உயரம் 5 அடி, இரட்டைக் கதவு. ஃபிரேம் 40க்கு 40, 2 மி.மீ. கனத்தில் ஸ்கொயர் பைப். கீழ்ப்பாதி 1.2 மி.மீ. தகடு, மேல்பாதி 12 மி.மீ. ஸ்கொயர் ராடு. ஒரு கதவுக்கு நான்கு பக்கம், நடுவில் ஒரு குறுக்கு. ஆக இரண்டுக்கும் பத்துத் துண்டு. எல்லாம் 5 அடி, மொத்தம் 50 அடி, 20 அடி பைப் மூன்று என்று எழுதிவிடத் தோன்றும். கடையில் 20 அடி என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். அதில் 5 அடித் துண்டு மூன்றுதான் வரும், நாலு வராது. பத்துத் துண்டுக்கு நான்கு பைப் ஆகிவிடும்.

சரியாக அளந்தால் மூன்றிலேயே முடியும். கீல் பக்கம் இருபுறமும் ஒவ்வோர் அங்குலம், நடுவில் அரை அங்குலம் விட்டால் ஒரு கதவின் அகலம் 4 அடி 10¾ அங்குலம். முதல் பைப்பில் அகலத் துண்டு நான்கு. இரண்டாவதில் அகலம் இரண்டு, உயரம் ஒன்று. மூன்றாவதில் உயரம் மூன்று. முதல் பைப்பில் டிஸ்க் தின்றது போக மிச்சம் முக்கால் அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் நடுக்குறுக்கு இரண்டையும் அதிலேயே வெட்டுங்கள். அவை ஃபிரேமுக்கு உள்ளே உட்காருவதால் நீளம் குறைவு. வெட்டும் திட்டத்தை நோட்டில் வரைந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

எடைக்கு வருவோம். ஸ்கொயர் ராடுக்குப் பக்கத்தை மி.மீ.யில் எடுத்துத் தன்னால் பெருக்கி 0.00785ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்: 12 மி.மீ.க்கு 1.13. உருண்டைக் கம்பிக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்க வேண்டும். தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. இந்தக் கேட்டில் ஃபிரேம் 36 கிலோ, கதவுக்கு 12 வீதம் ராடு 19 கிலோ, தகடு 19 கிலோ. கீல், தாழ்ப்பாள் சேர்த்து 80 கிலோவுக்குள். ஆனால் கடையில் வாங்கிய பைப் மட்டும் 43 கிலோ. அந்த ஏழு கிலோ துண்டுக்கும் காசு நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

இதே ஃபிரேமை 1.2 மி.மீ. பைப்பில் செய்தால் 22 கிலோதான். பெயின்ட் அடித்த பிறகு இரண்டுக்கும் வெளியில் வித்தியாசமே தெரியாது. சதுர அடி ரேட்டில் போட்டி போடுகிறவர் விலையை இறக்குவது இங்கேதான். நீங்கள் உள்ளுக்குள் கிலோவில் கணக்குப் பார்த்து, வாடிக்கையாளருக்கு மொத்தத் தொகையாகச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு மட்டும் ரன்னிங் அடி, அதாவது நீளத்துக்கு ரேட். ஆனால் பைப் அளவும் கனமும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்கட்டும். வெல்டிங் ராடு, டிஸ்க், பெயின்ட், வண்டி, பொருத்தும் கூலி எல்லாம் தனித்தனி வரியாக உங்கள் நோட்டில் ஏற வேண்டும். இரும்பு விலை ஏறி இறங்குவதால் ஒரு வாரத்துக்கு மேல் செல்லாது என்று குறித்துவிடுங்கள். மெட்டீரியல் காசு முழுக்க அட்வான்ஸாக வராமல் பைப் வாங்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும். சொந்தக்காரரென்றால் இன்னும் கண்டிப்பாக.

கேட் போன பிறகு வரும் புகார்களில் முக்கியமானது, கதவு தொங்கித் தரையில் உரசுவது. பழி கீலுக்குப் போகும். உங்கள் கதவு ஒன்று 40 கிலோ, அகலம் 5 அடி, கீல்களுக்கிடையே 4 அடி என்றால் மேல்கீல் தூணைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 25 கிலோ. நுனியில் 30 கிலோப் பையன் ஒருவன் ஏறி ஆடினால் இன்னும் 37 கிலோ சேரும். வெறும் செங்கல் தூணில் ஆணி அடித்த கீல் அதைத் தாங்காது. தூணில் கான்கிரீட் இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும்போதே பார்த்து, இல்லாவிட்டால் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். உள்ளே தரை மேடாக ஏறுகிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

மெல்லிய பைப்புக்கு 12 நம்பர் வெல்டிங் ராடு, கரண்ட் குறைத்து. எல்லா மூலையையும் முதலில் புள்ளி வெல்டு வைத்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று டேப் பிடித்த பிறகே முழு வெல்டு. தகட்டில் ஓர் அங்குலம் பற்றவைத்து ஆறு அங்குலம் விடுங்கள். ஒரே இழுப்பில் ஓட்டினால் அலையடிக்கும். கீழ்ப்பைப்பின் அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இறங்கிய மழைத்தண்ணீர் அங்கேயே தங்கிப் பைப்பை உள்ளிருந்து அரிக்கும். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசியது) என்றால் பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமாக நின்று செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

கைப்பிடியில் கம்பி இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பால்கனியில் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. படுக்கைக் கம்பி டிசைன் கேட்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஏணி, சொல்லிப் பாருங்கள். மாடியில் கிரைண்டர் போடும்முன் ஈரச்சாக்கால் டைல்ஸையும் ஜன்னல் கண்ணாடியையும் மூடுங்கள். பொறி கண்ணாடியில் பட்டால் துடைத்தாலும் போகாது. கடைசித் தவணையில் கழித்துவிடுவார்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைக்கு ஆர்கான் வெல்டிங் பழகிய பிறகு வரலாம்.

வீட்டு மின் இணைப்பில் வெல்டிங் மெஷின் ஓட்டாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன்படி இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். கொட்டகைக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இணையத்தில் இலவசம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கடன் வாங்குவதானால் மானியம் உள்ள திட்டங்களைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடனில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான்; ஏற்கெனவே ஓடுகிற பட்டறைக்கு அது கிடையாது. அதனால் மெஷின் பில் எதுவும் போடுமுன் அங்கே போய் வந்துவிடுங்கள்.