ஐசியூவா, வார்டா?

தங்கச்சி, “பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன், சேலத்தில் ஐசியூ, பொது வார்டு என்று இரண்டு இடம் கிடைத்திருக்கிறது, ஊசி எடுத்தாலே கை நடுங்குகிறது, ஏற்காட்டிலிருந்து போய்வர வேண்டும், எதில் சேர?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வார்டு என்பேன். ஐசியூவில் ஒரு நர்சுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான், ஆனால் வென்டிலேட்டர் அலாரம் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு பதறும். வார்டில் ஓட்டம் அதிகம். சர்க்கரை, மூச்சிரைப்பு, காய்ச்சல் எல்லாம் கைக்கு வரும். என் முதல் மாதத்தில் ஒரு தாத்தாவின் மூச்சை முழு நிமிடம் எண்ணினேன்: 28. வயது வந்தவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, என்னவோ நன்றாகத்தான் காட்டியது. தயங்கித் தயங்கி சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். அன்றிரவே தாத்தாவை ஐசியூவுக்கு மாற்றினார்கள். என் நடுக்கம் அப்புறம்தான் குறைந்தது.

சேரும் முன் ஒன்று கேளுங்கள்: சீனியர் எத்தனை வாரம் கூடவே நிற்பார்? ஐசியூவில் மூன்று மாதம், வார்டில் முதல் வாரமே தனியாக நைட் டியூட்டி என்றால், சரி, என் பேச்சை விட்டுவிட்டு ஐசியூவுக்கே போங்கள்.

அப்புறம், நைட் முடிந்த தூக்கக் கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவையும் வண்டி ஓட்டி ஏறாதீர்கள். பஸ் இருக்கிறது.