உடைந்த ஊசியும் ஏஐ வீடியோவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் வீடியோ வேண்டும் என்கிறார் முதலாளி. பிரவுசரைத் திறந்து நாலு வரி டைப் செய்தால் ஏஐ வீடியோவே கொடுத்துவிடும் என்றார்கள். செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் லைனில் ஒருவர்கூட அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கே தப்பு?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: படத்தை ஏஐயிடம் கேட்டதுதான் தப்பு. மற்ற வேலைகளை அதனிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பதினான்கு வருடம் பனியன் கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவில் இருந்தவன் நான். நீங்கள் செய்ததையே நானும் ஒரு கம்பெனிக்காகச் செய்து பார்த்திருக்கிறேன். வந்த வீடியோவில் ஒரு பெண் சிரித்தபடி தைக்கிறார். ஸ்டாண்டில் நூல் கோன் இல்லை. ஊசிக்கு முன்னால் விரலைக் காக்க இருக்க வேண்டிய தடுப்பு, ஃபிங்கர் கார்டு, இல்லை. விரல் நேராக ஊசிக்கு அடியில் போகிறது. இருபது வருடமாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு இப்படித் தைச்சா இன்னைக்கே ஆஸ்பத்திரிதான் சார்" என்றார். அன்றோடு அந்த வீடியோவை அழித்துவிட்டேன். பாதுகாப்பைச் சொல்லித்தரும் வீடியோவில் தவறான கை ஒன்று இருந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்தக் கையைத்தான் கற்றுக்கொள்வார்.

அதனால் உங்கள் கம்பெனியில், உங்கள் மெஷினில், உங்கள் டெய்லரை வைத்துப் போனில் எடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் வெட்டிய துணி பீஸ் கட்டு இரண்டுக்கு நடுவே நிறுத்தினாலே ஆடாமல் வரும். என்னென்ன எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்: பெடலில் இருந்து கால் எடுப்பது, சுவிட்சை அணைப்பது, சூப்பர்வைசரைக் கூப்பிடுவது, துண்டுகளைப் பொறுக்குவது. அதற்கு அடுத்ததுதான் முக்கியம். அதை மிக நெருங்கி எடுங்கள். உடைந்த துண்டுகளை ஊசிக் கணக்கு எழுதும் ரெஜிஸ்டரில் ஒன்றோடு ஒன்று பொருத்தி, முழு ஊசியாக வருகிறதா என்று பார்த்து, செல்லோடேப் ஒட்டி, தேதியும் நேரமும் மெஷின் நம்பரும் எழுதுகிற காட்சி அது. அரிசி மணியளவு நுனி ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். குறைந்தால் அந்த மெஷினைச் சுற்றி இருக்கும் பீஸ் எல்லாவற்றையும் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு ஒரே ஒரு வரி போதும்: இந்த உடுப்பை ஒரு குழந்தை போடப் போகிறது. அந்த வரியைக் கேட்டபோது லைனில் பேச்சு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஏஐயின் வேலை. எடுத்த துண்டுகளை வெட்டிச் சேர்க்கவும், சப்டைட்டில் போடவும், பேச்சை வேறு மொழிக்குக் கொண்டுபோகவும், எழுதியதைக் குரலாக மாற்றவும் பிரவுசர் கருவிகள் நிறையவே இருக்கின்றன. நான் ஒரு வாரம் உட்கார்ந்து செய்ததை இப்போது ஒரு மதியத்தில் முடிக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். "ஊசி உடைந்தால்" என்று நான் எழுதியது ஒருமுறை இந்தியில் "இன்ஜெக்‌ஷன் உடைந்தால்" என்று வந்தது. நமக்கு இரண்டுமே ஊசிதானே! அதிலிருந்து "தையல் ஊசி" என்றே எழுதுகிறேன். குரலுக்கும் இதே கதை. 75/11 என்று ஊசி நம்பரை எழுதினால் எப்படிப் படிக்கும் என்று சொல்ல முடியாது; "எழுபத்தைந்து பதினொன்று" என்று எழுத்தில் கொடுங்கள். வாக்கியங்களையும் சின்னச் சின்னதாக வெட்டிவிடுங்கள். நீண்ட தமிழ் வாக்கியத்தில் எங்கே மூச்சு விடுவது என்று அந்தக் குரலுக்குப் பல நேரம் தெரிவதில்லை.

ஒடியா குரல் எல்லாக் கருவியிலும் இருக்காது. இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் லைனிலேயே ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் இருப்பார். அவரை ஓய்வறையில் உட்காரவைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, போனிலேயே பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கும் ஷிப்டு கணக்கில் கூலி போடச் சொல்லுங்கள். ஊர்க்காரன் குரல் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். பேசி முடித்ததும் அந்தந்த மொழிக் குரலுக்கு ஏற்பக் காட்சியைக் கொஞ்சம் நீட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். ஒடியா வீடியோவைப் பேசியவரிடமும், இந்தி வீடியோவை இந்தி பேசும் தொழிலாளி ஒருவரிடமும் போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியே விடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கேமராவில் டேபிள் மேல் இருக்கும் லேபிளும் ஸ்டைல் நம்பரும் விழாமல் பாருங்கள். இன்னும் கடைக்கு வராத டிசைனை வெளியில் உள்ள ஒரு சர்வருக்கு ஏற்றிவிட்டு, பிறகு ஆர்டர் கொடுத்த பையரிடம் பதில் சொல்ல முடியாது. வெள்ளை பனியன் பீஸை வைத்து எடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை. பணமும் தரமாட்டார்கள். வீடியோ நடுவே கருவிக் கம்பெனியின் முத்திரை (வாட்டர்மார்க்) விழாத இலவச எடிட்டிங் கருவி உண்டா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிரவுசரிலேயே வீடியோ எடிட் செய்யும் கிளிப்சாம்ப் பாருங்கள். 2021-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. எட்ஜ், குரோம் இரண்டிலும் ஓடும். இலவசக் கணக்கிலேயே 1080பி தரத்தில் முத்திரை இல்லாமல் எடுக்கலாம். பிரீமியம் குறி போட்ட படமோ இசையோ சேர்த்தால்தான் பணம் கேட்கும். கடைசியில் வீடியோவை உருவாக்கும் வேலையை உங்கள் கம்ப்யூட்டரே செய்வதால், 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷின் திணறும். மற்ற டேப்களை மூடிவிட்டு, பொறுமையாக விடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் சுருக்கிவிடும், சப்டைட்டில் எழுத்து மங்கிவிடும்.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சியாளராக இருக்கிறேன். என் முகத்தையும் குரலையும் பதிவு செய்து, ஏஐ அவதாராக மாற்றி, நான் பேசாததையெல்லாம் பேசவைத்துப் பயிற்சி வீடியோ போடுகிறார்கள். அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். அதன் பிறகும் நான் அங்கே பேசிக்கொண்டே இருப்பேனா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்தக் கவலை நியாயமானது.

சிந்தீசியா, ஹேஜென் போன்ற அவதார் கருவிகள், சம்பந்தப்பட்டவரே கேமரா முன் சம்மதம் சொல்லும் பதிவைக் கேட்கின்றன. நீங்களும் ஒரு பதிவு கொடுத்திருக்கலாம். அதில் என்ன சொன்னீர்கள், தனியாக ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்பதை முதலில் தேடி எடுங்கள். "எந்தப் பயனுக்கும், எந்தக் காலத்துக்கும்" என்ற மாதிரி வரி இருக்கிறதா பாருங்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் என்பது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கானது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தரவை அழிக்கச் சொல்லியும் கேட்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வேலை சம்பந்தமான தரவுகளுக்கு நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் அதில் உண்டு. அதனால் சட்டத்தை மட்டும் நம்பி உட்காராமல், வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகு உங்கள் மெயிலுக்குப் பதில் போட அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

மெயிலில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கருவியில் உள்ள என் அவதாரையும் குரல் மாதிரியையும் எந்தத் தேதிக்குள் நீக்குவீர்கள், ஏற்கெனவே வெளியான வீடியோக்கள் எவை, எதுவரை ஓடும், நான் போன பிறகு என் முகத்தில் புது வீடியோ எதுவும் வராது என்று யார் எழுதித் தருவார்கள். "என் வீடியோக்களை நீக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் வீடியோவை எடுத்துவிட்டு அவதாரை அப்படியே வைத்திருக்க வழி இருக்கிறது. அதனால் "அவதார்", "குரல் மாதிரி" என்ற சொற்களையே போடுங்கள். மெயிலை உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் அனுப்பிக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று ஆபீஸ் மெயிலை மூடிவிடுவார்கள்.