காலையில ஆர்பிஎம் ஏறுது, காலை எடுத்தா வண்டி இழுத்துப் பிடிக்குது, புது பிக்கப்ல கோளாறா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல ஏர்கான் கான்ட்ராக்ட் எடுத்து செய்யற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, இவ்ளோ நாளா பழைய மேனுவல் வேன் ஓட்டிட்டு இப்பதான் புது டபுள் கேப் டீசல் பிக்கப் எடுத்தேன், ஆட்டோ கியர். காலையில ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் முள்ளு 1,200 கிட்ட போய் நிக்குது, கொஞ்சம் கழிச்சுதான் இறங்குது. மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்ல இருந்து இறங்கி ரோட்டுக்கு வந்தப்புறமும், ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு, சத்தமும் ஏறுது. பத்து நிமிஷம் ஓடினா ரெண்டும் அடங்கிடுது. சேல்ஸ்மேன் நார்மல்ங்கறார், நம்பலாமா? எவ்வளவு நேரம் சும்மா ஓட விட்டு எடுக்கணும்?"

நம்பலாம் தம்பி. பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு, பத்து நிமிஷத்துல ரெண்டும் சேர்ந்து அடங்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் விஷயம். ரெண்டு கோளாறு இல்ல, இஞ்சின் சூடேற வரைக்கும் வண்டியோட கம்ப்யூட்டர் செய்யற ஒரே வேலைதான் ரெண்டு இடத்துல தெரியுது.

நம்ம ஊர்ல என்ன குளிரு, விடியக்காலையிலயே 25, 26 டிகிரின்னு கேப்பீங்க. நமக்குதான் அது புழுக்கம். இஞ்சினை சுத்தி ஓடற கூலன்ட் தண்ணி 85, 90 டிகிரிக்குப் போனாதான் இஞ்சினுக்கு நிம்மதி, அதுக்கு 26ங்கறது நல்ல குளிருதான். ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆயில் கெட்டியா கிடக்கும், டீசலும் உடனே பத்திக்காது, தாமதமா பத்திக்கறதாலதான் காலையில கடகடன்னு சத்தம் வருது. அதோட 2018 ஜனவரியில இருந்து இங்க புது டீசல் வண்டிக்கெல்லாம் யூரோ 6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயம், அதனால புகையை சுத்தம் பண்ற சாமான் எக்ஸாஸ்ட்ல வரிசையா உக்காந்திருக்கு, அதுங்க சுமார் 200 டிகிரி சூடு வந்தாதான் ஒழுங்கா வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்கணும்னுதான் கம்ப்யூட்டர் இஞ்சின் சுத்தற வேகத்தை, அதான் ஆர்பிஎம்மை, ஏத்தி வெக்குது. பழைய வேன்ல இந்த சாமானெல்லாம் இருந்திருக்காது, ஒப்பிட்டுப் பார்த்தா பயமாத்தான் இருக்கும்.

நாளைக்கு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஏசியை ஆஃப் பண்ணிட்டு முள்ளை மட்டும் பாருங்க. மேல போய் நின்னு, ஆட்டம் இல்லாம மெதுவா 800 பக்கம் இறங்கி நிக்கணும். அப்புறம் ஏசியை போடுங்க, கம்ப்ரஸர் டக்குன்னு பிடிக்கும்போது முள்ளு கொஞ்சம் துள்ளும், அதுவும் சரிதான், உங்க தொழிலுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்ல. ஆனா முள்ளு மேல கீழன்னு ஆடிக்கிட்டே இருந்தா, இல்ல பத்து நிமிஷம் ஓடியும் இறங்கவே இல்லைன்னா, அப்ப வண்டியை காட்டணும்.

இப்ப அந்த இழுவை. கியர்பாக்ஸும் குளிர்ந்துதான் இருக்கு, அதனால முதல் சில கிலோமீட்டருக்கு கம்ப்யூட்டர் சீக்கிரமா மேல் கியருக்கு போகாது, கீழ் கியர்லயே வெச்சு ஓட்டும், இஞ்சின் வேகமா சுத்தினா சீக்கிரம் சூடாகும்ல. கீழ் கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா சக்கரம்தான் இஞ்சினை சுத்த வைக்கணும், பிஸ்டன், கெட்டி ஆயில், பம்ப் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு சுத்தறதுக்கு வண்டியோட வேகம் செலவாகுது, அதைத்தான் யாரோ பின்னாடி பிடிச்ச மாதிரின்னு சொல்றீங்க. இதுதான் இஞ்சின் பிரேக்கிங். பெட்ரோல் இஞ்சின்ல காத்து போற வழியில இருக்கற த்ராட்டில் மூடிக்கறதால காத்தை உறிஞ்சவே கஷ்டப்படும், இழுவை நல்லா தெரியும். டீசல்ல பொதுவா அப்படி மூடறது கிடையாது, அதனால மேல் கியர்ல பெருசா எதுவும் தெரியாது, கீழ் கியர்ல மட்டும் தெரியும். இறக்கத்துல பிரேக்கை லேசா தொட்டாலே தானா ஒரு கியர் இறக்கற ஆட்டோ பாக்ஸும் இப்ப நிறைய வருது, சத்தம் ஏறறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சத்தம் ஏறுதே டீசலும் போகுமேன்னு கவலைப்படாதீங்க, கதை தலைகீழ். கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா இன்ஜெக்டர் டீசல் அடிக்கறதையே நிறுத்திடும், சக்கரம் சுத்தறதுலயே இஞ்சின் ஓடும். மீட்டர்ல அந்த நேரத்து கன்சம்ப்ஷன் காட்டற பக்கத்தை போட்டுக்கிட்டு எக்ஸ்பிரஸ்வேல இருந்து எக்ஸிட் இறங்கும்போது காலை எடுங்க, 0.0 காட்டும். கார்பார்க் சரிவுல காட்டாது, அங்க வேகம் பத்தாது, ஐட்லிங் கிட்ட வந்துட்டா மறுபடியும் டீசல் அடிக்க ஆரம்பிச்சிடும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல போட்டு உருட்டற பழக்கம் நம்ம டிரைவர்மார் பல பேர்கிட்ட இன்னும் இருக்கு, அதுலதான் டீசலும் போகும், வண்டியும் கட்டுப்பாட்டுல இருக்காது. சரக்கு ஏத்தியிருந்தா இன்னும் மோசம். மலேசியாவுல ஜென்டிங் மலை இறக்கத்துல கீழ் கியர் போடச் சொல்லி போர்டு வெச்சிருக்கறது சும்மா இல்ல, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடாகி கடைசியில மிதிச்சாலும் பிடிக்காது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இஞ்சின் இழுத்து வேகம் குறையும்போது பின்னாடி பிரேக் லைட் எரியாது. காலையில பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல உங்க பின்னாடி ஒட்டிக்கிட்டு வர மோட்டார்பைக்காரருக்கு நீங்க ஸ்லோ பண்றது தெரியாது, பிரேக்கை லேசா தொட்டு லைட்டை காட்டிடுங்க.

எவ்வளவு நேரம் ஓட விடணும்னு கேட்டீங்க. பெல்ட் போட்டு, கண்ணாடி சரி பண்ணி, போனை மாட்டற நேரம் போதும், அரை நிமிஷம் வெச்சுக்கங்க. முள்ளு 1,000க்கு கீழ வந்தப்புறம் டி கியர் போடுங்க, 1,200ல இருக்கும்போது போட்டா டொக்குன்னு உதைச்சுக்கிட்டு கிளம்பும், கார்பார்க்ல பக்கத்துல தூண் இருக்கும். அப்புறம் முதல் பத்து நிமிஷம் 2,000, 2,500க்கு மேல முறுக்காம ஓட்டுங்க, ஓடும்போதுதான் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒண்ணா சூடாகும். பத்து நிமிஷம் நின்ன இடத்துல ஓட விட்டா ரெண்டாவது மாடிக்காரர் ஜன்னலை சாத்துவார், இங்க சும்மா நிறுத்தி இஞ்சினை ஓட விடறது சட்டப்படி குத்தம், சுற்றுப்புற வாரியம் என்இஏ ஃபைன் போடும். எல்லாத்துக்கும் மேல, எக்ஸாஸ்ட்ல இருக்கற டிபிஎஃப்ங்கற ஃபில்டர்ல கரி அடையும்.

என்னைக் கேட்டா நீங்க பயப்பட வேண்டியது இந்த டிபிஎஃப்புக்குத்தான், அந்த 1,200க்கு இல்ல. டிபிஎஃப் கரியை பிடிச்சு வெச்சுக்கற ஃபில்டர், நிறைஞ்சதும் 600 டிகிரி கிட்ட சூடாக்கி தானே எரிச்சுக்கும். அதுக்கு கொஞ்ச நேரம் நிக்காம ஓடணும். உங்க வேலையோ ஒரு புளோக்ல ரெண்டு யூனிட் சர்வீஸ், அடுத்த புளோக்குக்கு அஞ்சு நிமிஷம், மறுபடி ஆஃப். எரிச்சுக்கிட்டிருக்கும்போது பாதியில ஆஃப் பண்ணிட்டே இருந்தா கரியும் போகாது, எரிக்கறதுக்குன்னு அடிச்ச டீசல் இஞ்சின் ஆயில்ல கலக்கும். சூடான வண்டியில ஐட்லிங் திடீர்னு கொஞ்சம் ஏறி, ஃபேன் பெருசா சுத்தி, கருகின வாடை வந்தா அதுதான் நடக்குதுன்னு அர்த்தம், அப்ப ஆஃப் பண்ணாம ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் எக்ஸ்பிரஸ்வேல ஒரு சுத்து போயிட்டு வாங்க. வாரத்துல ஒரு நாள் எக்ஸ்பிரஸ்வே பிடிச்சு துவாஸ் பக்கம் போற வேலை இருந்தா அதுவே போதும். மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்க, ஆயில் குறைஞ்சா எல்லாரும் கவனிப்பாங்க, உங்க வண்டியில லெவல் மேக்ஸ் கோட்டை தாண்டி ஏறியிருக்கான்னு பாக்கணும், ஏறியிருந்தா டீசல் கலந்திருக்குன்னு சந்தேகப்படுங்க, சர்வீஸ் தேதிக்கு காத்திருக்காம ஆயில் மாத்திடுங்க.

முதல் சர்வீஸ்ல டிபிஎஃப் கரி அளவு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லச் சொல்லுங்க, கியர்பாக்ஸுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது வந்திருக்கான்னும் கேளுங்க. ஆர்பிஎம்மை குறைச்சு வெச்சுத் தரேன்னு எந்த வொர்க்‌ஷாப்ல சொன்னாலும் தொட விடாதீங்க, வாரண்டி போயிடலாம்.