வெடிச்ச லைட்டரை யாருகிட்ட திருப்பிக் கொடுக்குறது?

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் பெட்டிக்கடைல பத்து ரூபாய்க்கு வாங்கின சிகரெட் லைட்டரை கார் டேஷ்போர்டு மேல வெச்சுட்டு மறந்துட்டாரு, மத்தியானம் வந்து பாத்தா வெடிச்சு சிதறிக் கிடக்கு. நல்லவேளை பையன் உள்ள இல்ல. வெளிநாட்டுல இந்த மாதிரி சரக்கை கம்பெனியே திரும்ப வாங்கிக்குமாமே, இங்க அப்படி உண்டா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: தீப்பெட்டி ஊர்ல இருந்துக்கிட்டு லைட்டரா! சரி விடுங்க. உள்ள இருக்குறது பியூட்டேன்ங்கிற எரிவாயு, வெளிய விட்டா ஜீரோ டிகிரி பக்கத்துலயே கொதிச்சு ஆவியாயிடும், அதை அழுத்தி திரவமா அடைச்சு வெச்சிருக்காங்க, சூடு ஏற ஏற பிரஷரும் ஏறும் திரவமும் விரியும், விரிய இடம் வேணும்னுதான் டாங்க்ல 85 சதவீதத்துக்கு மேல நிரப்பாதேன்னு லைட்டருக்கான சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 9994 சொல்லுது. 65 டிகிரில 4 மணி நேரம் தாங்கணும், ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. ஆனா சித்திரை வெயில்ல பூட்டி வெச்ச கார் டேஷ்போர்டு 70-ஐயே தாண்டும், அதனால மட்டமான சரக்கா, நல்ல சரக்கே வெயில்ல போச்சான்னு என்னால சொல்ல முடியாது.

அமெரிக்காவுல 1994 ஜூலைல இருந்து சின்னப் பிள்ளைங்க சுலபமா பத்த வைக்க முடியாத மாதிரிதான் லைட்டர் செய்யணும். மூணரை வயசுல இருந்து நாலேகால் வயசு வரைக்குமான பிள்ளைங்க கையில தீ வராத டம்மியக் கொடுத்துப் பாப்பாங்க, நூத்துக்கு 85 பேராவது தோத்தாத்தான் லைட்டர் பாஸ். இதுல தேறாததையும், தீ அணையாம எரியுறதையும் கடைல இருந்தே திரும்ப எடுக்க வெச்சிருக்காங்க.

இங்கயும் 2019 நுகர்வோர் சட்டப்படி ஆபத்தான சரக்கை திரும்பப் பெறச் சொல்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. ஆனா உங்க லைட்டர்ல கம்பெனி பேரு, பேட்ச் நம்பர் ஏதாவது இருந்துச்சா? பேரே இல்லாத சரக்கை யாரைக் கூப்பிட்டு எடுத்துக்கோன்னு சொல்றது? 20 ரூபாய்க்கு கம்மியான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூன்லயே தடை வந்தாச்சு, அதுவும் உங்க ஊர் தீப்பெட்டிக்காரங்க கத்திக் கத்தி வாங்கினது, இருந்தும் பத்து ரூபா சரக்கு கிடைக்குதுன்னா உங்க வீட்டுக்காரரே சாட்சி. சிதறின துண்டைத் தூக்கிப் போடாம போட்டோ எடுத்து வெச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி, எந்தக் கடைல வாங்கினதுன்னும் சொல்லுங்க.

கேள்வி: என் லைட்டர்ல விரலை எடுத்த பிறகும் சின்னதா எரியுது, ஊதினா அணைஞ்சிடுது. வெச்சுக்கலாமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: வேணாம். வால்வு சரியா மூடல, தூசி சிக்கியிருக்கலாம், பாக்கெட்ல இருக்கும்போதும் கேஸ் கசியும். தூக்கிப் போடும்போது குப்பையோட சேத்துக் கொளுத்தி விட்டுடாதீங்க.