சாறல் சமயத்தில் தொட்டி மீனுக்கு வெள்ளைப்புள்ளி: மறைந்தது ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: செங்கோட்டைப் பக்கம் புளியரையில் தென்னையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறேன். வீட்டில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. கோல்டு ஃபிஷ், மோலி, ஏஞ்சல், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று இருக்கின்றன. புனலூரில் வாங்கிய மோலிகளைப் புதிதாக விட்ட ஒரு வாரத்தில் எல்லா மீனிலும் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி, கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. கடையில் சொன்னபடி கேப்சூலைப் பிரித்துப் போட்டேன், கல் உப்பும் ரெண்டு கை போட்டேன். மூன்றாம் நாள் புள்ளியைக் காணோம். சரி, தீர்ந்தது என்று தண்ணீரை முழுசாக மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவி வைத்தேன். நாலே நாளில் முன்னைவிட அதிகமாக வந்து மூன்று மீன் செத்துவிட்டது. தோட்டத்துக் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன், அதற்கும் பரவுமா?

பதில்: வணக்கம் அண்ணாச்சி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெள்ளைப்புள்ளி நோய்தான், கடைக்காரர்கள் ‘இச்’ என்பார்கள். இக்தியோப்தீரியஸ் என்கிற ஒட்டுண்ணி. மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததற்கு உப்பும் காரணமில்லை, கேப்சூலும் காரணமில்லை. அது மீனின் தோலுக்கு அடியில் தின்று வளர்ந்து முடித்ததும் தானாகவே கழன்று அடியில் போய் விழும். கூடு கட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். நீங்கள் தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில் அது கல்லுக்கு அடியில் பெருகிக்கொண்டிருந்தது.

இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் அதுவே செத்துவிடும். எல்லா ஒட்டுண்ணியும் ஒரே நாளில் அந்தக் கட்டத்துக்கு வராது, ஆகவே புள்ளி தெரிகிறதோ இல்லையோ வைத்தியம் தொடர்ந்து ஓட வேண்டும். நோயுள்ள மீனை மட்டும் எடுத்து வாளியில் போட்டு மருந்து கொடுப்பதும் பிரயோஜனமில்லை, வைத்தியம் தொட்டிக்குத்தான்.

மருந்துக்கு முன்னால் ஒரு சின்ன சோதனை, டார்ச் அடித்துப் பாருங்கள். தனித்தனியாக, உப்புக்கல் அளவில், தொட்டால் மேடாக இருப்பது போலத் தெரிந்தால் வெள்ளைப்புள்ளி. மஞ்சள் பொடி தூவியது போல மிக நுண்ணியதாக மின்னினால் அது வெல்வெட் நோய். வாயைச் சுற்றியோ முதுகிலோ சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டு பஞ்சு மாதிரி இருந்தால் காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்குத் தண்ணீரில் சூடு ஏற்றினால் நோய் வேகமெடுக்கும். அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியில் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள் இருந்து, மீன் சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயே இல்லை, இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண்.

இப்போது ஏன் வந்தது என்றால், புது மோலியோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம், தூண்டிவிட்டது குளிர். செங்கோட்டைப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், மழை மட்டும் இன்னும் மலையாளக் கணக்கில்தான் பெய்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கி சாறல் விழும் நாட்களில் ராத்திரியில் தொட்டித் தண்ணீர் சட்டென்று குளிரும், மீனின் எதிர்ப்பு சக்தி அங்கேயே விழுந்துவிடும். அதோடு நீங்கள் முழுத் தண்ணீரையும் மாற்றி ஃபில்டரையும் குழாயில் கழுவியதில், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா போய்விட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேர்ந்து வேலை செய்கிறது. கேப்சூல் ஆன்டிபயாடிக் என்றால் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் செய்யாது, மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். இனி அதைப் போடாதீர்கள்.

உங்கள் தொட்டி நாலரை கன அடி, அதாவது கிட்டத்தட்ட 127 லிட்டர். கல், மேலே விட்ட இடைவெளி கழித்தால் 110 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு கை உப்பு என்ற கணக்கெல்லாம் வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். லிட்டருக்கு 2 கிராம் என்றால் 220 கிராம் கல் உப்பு, அயோடின் கலக்காதது. அதை மூன்று பங்காக்கி, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒரு நாள் முழுக்கப் பரவலாக ஊற்றுங்கள். சக்கர் உப்பைத் தாங்குவதில் மற்ற மீனைவிடப் பலவீனம், அது சாய்ந்து படுத்தால் பாதியோடு நிறுத்திவிடுங்கள். செடி இருந்தால் எடுத்து மீன் இல்லாத வாளியில் ரெண்டு வாரம் போட்டு வையுங்கள்.

அதோடு 100 வாட் ஹீட்டர் ஒன்று போட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் மெதுவாக 30 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சூட்டில் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி மருந்துக்குச் சிக்கும், பெருகவும் தடுமாறும். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், காற்று பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். உங்கள் பக்கம் மழையில் கரண்ட் போவது சகஜம் என்பதால் பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். தொட்டியில் கை வைக்கும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இதை மறந்துவிடாதீர்கள்.

தினமும் 30 லிட்டர் போல அடியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள், கூடுகள் அங்கேதான் கிடக்கும். புதிதாக ஊற்றும் தண்ணீர் அதே சூட்டில் இருக்க வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, பம்ப் ஓட்டி எடுங்கள். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள்: மாற்றிய தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு, அதாவது 60 கிராம். உப்பு ஆவியாகாது, ஒவ்வொரு தடவையும் 220 கிராம் கொட்டினால் மீன் உப்பிலேயே போய்விடும். இரை பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் புள்ளி மறைந்ததிலிருந்து ஒரு வாரம் இதைத் தொடர வேண்டும். நாலைந்து நாளில் புள்ளி குறையாமல் மீன் செத்துக்கொண்டே போனால், மலக்கைட் கிரீன் கலந்த கடை மருந்தை லேபிள் அளவுக்கு மேல் போகாமல் போடலாம், சக்கர் இருப்பதால் பாதி அளவில் ஆரம்பியுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். கையுறை போடுங்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரித்துக்கொண்டு, செத்த மீனை அல்ல, நோயுள்ள மீனை உயிரோடு கொண்டு போங்கள். மைக்ராஸ்கோப்பில் குதிரை லாட வடிவ உட்கருவோடு உருண்டு கொண்டிருப்பதைப் பார்த்தால் அப்புறம் விவாதமே இல்லை.

குட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஆம், பரவும், கட்லா ரோகு எதையும் இது விடாது. தொட்டி வலையையும் வாளியையும் அங்கே கொண்டு போகாதீர்கள், நன்றாக வெயிலில் காயவைத்தபின் தான் வேறு எதற்கும். உப்புத் தண்ணீரைத் தென்னை மூட்டில் மாற்றி மாற்றி ஊற்றிவிடலாம், வயலுக்கும் வாய்க்காலுக்கும் வேண்டாம். மலக்கைட் கிரீன் போட்ட தண்ணீர் குட்டைப் பக்கம் போகவே கூடாது, தின்னும் மீனில் அந்த மருந்து சேரக் கூடாது.

அடுத்த முறை மீன் வாங்கினால் பையில் வந்த கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல், மீனை மட்டும் எடுத்து மூன்று வாரம் தனி டப்பில் வையுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், ஏஞ்சலுக்குச் சூடு வேண்டும், ரெண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்று எப்போதும் வாடும், நோய் தீர்ந்ததும் பிரித்துவிடுங்கள். சக்கர் பெரிதாகி இடம் பற்றவில்லை என்று குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிடும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.