ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையும் அயற்கூற்றும்: விதி தெரிந்தும் எழுதும்போது ஏன் தவறுகிறது?

"தமிழ்வழியில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறேன். ஆக்டிவ், பாசிவ் விதிகளும் டைரக்ட், இன்டைரக்ட் விதிகளும் மனப்பாடமாகத் தெரியும். தாளில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால் மாற்றிவிடுகிறேன். ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுத உட்கார்ந்தால் தவறு வருகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன்தான். இந்த இரண்டு பகுதிகளிலும் பள்ளியில் ஒரு மதிப்பெண்கூட இழந்ததில்லை என்ற பெருமையோடு மதுரையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதம், ஒரு திங்கட்கிழமை மாலையில் எங்கள் கிளை மேலாளர் தொலைபேசியில், "நான் நாளைக்கு வர்றேன்னு கோயம்புத்தூர் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டுடுப்பா" என்றார். நான் எழுதி அனுப்பிய வாக்கியம் இது: "மேனேஜர் டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ." செவ்வாய்க்கிழமை காலையில் அதைப் படித்த கோவை அலுவலகத்தார், மேலாளர் சொன்னபடி புதிதாகச் சேர்ந்த பையனாகிய நான் புதன்கிழமை வருகிறேன் என்று புரிந்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ரயிலில் வந்து இறங்கிய மேலாளரை அழைத்துப்போக யாரும் வரவில்லை. புதன்கிழமை எனக்காக ஒரு வண்டி நிலையத்தில் காத்து நின்றது.

அந்த ஒரு வரியில் எத்தனை தவறுகள் இருக்கின்றன என்று பிறகு எண்ணிப்பார்த்தேன். 'டோல்ட்' என்றால் யாரிடம் சொன்னார் என்பது உடன் வரவேண்டும். இல்லையென்றால் 'செட்' என்று எழுதவேண்டும். 'ஐ' என்பது 'ஹீ' ஆகியிருக்கவேண்டும். 'டுமாரோ' என்ற சொல்லைப் படிப்பவர் தம்முடைய நாளையிலிருந்து எண்ணுவார் என்பதால் அங்கே கிழமையைக் குறிப்பிட்டிருக்கவேண்டும். இவை மூன்றும் எனக்குத் தெரிந்த விதிகளே. ஆனால் அந்த மாலையில் என் முன்னால் மாற்றுவதற்கு ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கவில்லை. மேலாளர் பேசிய தமிழ்தான் இருந்தது. உங்கள் சிக்கலும் இதுதான் என்பது என் கணிப்பு. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றத்தான் நாம் பழகியிருக்கிறோம். வாழ்க்கையிலோ தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. எனவே பயிற்சியும் தமிழிலிருந்தே தொடங்கவேண்டும்.

அயற்கூற்றை, அதாவது இன்டைரக்ட் ஸ்பீச்சை, முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் 'என்று' என்ற சொல் இருக்கிறதே, அது ஒருவர் பேசியதை அவர் பேசியபடியே எடுத்துவந்து வைத்துவிடும். "நான் நாளை வருகிறேன் என்று அவர் சொன்னார்" என்றால் 'நான்' என்பது அவர். 'நாளை' என்பது அவருடைய நாளை. நிகழ்காலமும் அவர் பேசிய நேரத்தின் நிகழ்காலம். 'என்று' என்பதற்கு உள்ளே இருக்கும் கடிகாரம் பேசியவருடையது. ஆங்கிலத்தின் 'தட்' அப்படிப்பட்டது அன்று. அதற்குப் பின்னால் வருகிற ஆள், காலம், இடம் யாவும் அந்தப் பேச்சை இப்போது எடுத்துச் சொல்பவரின் கடிகாரத்தைப் பார்த்தே அமையும். 'என்று' என்பதற்குப் பதிலாக 'தட்' போட்டால் போதும் என்று மனம் நினைக்கிற இடத்தில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

இதற்குத் தமிழிலேயே ஒரு பாலம் இருக்கிறது. அதே செய்தியை "தான் மறுநாள் வருவதாக அவர் சொன்னார்" என்றும் நாம் எழுதுகிறோம். இங்கே 'நான்' மறைந்து 'தான்' வந்துவிட்டது. 'நாளை' மறுநாள் ஆகிவிட்டது. வினைமுற்று உருமாறி 'வருவதாக' என்று நிற்கிறது. ஆங்கில அயற்கூற்றுக்கு மிக நெருக்கமான உறவினர் இந்த 'ஆக' வடிவம்தான். நான் செய்த பயிற்சி மிக எளியது. அன்றாடம் காதில் விழுந்த மூன்று பேச்சுகளை, ரேஷன் கடைக்காரர் சொன்னது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, பேருந்து நடத்துநர் சொன்னது என்று ஏதாவது மூன்றை, இரவில் குறிப்பேட்டில் எழுதுவேன். முதல் வரியில் அவர் பேசியபடியே பேச்சுத்தமிழ். இரண்டாம் வரியில் 'ஆக' வடிவம். மூன்றாம் வரியில் ஆங்கிலம். "சர்க்கரை இன்னும் வரலை" என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், "சர்க்கரை இன்னும் வரவில்லை எனக் கடைக்காரர் சொன்னார்" என்று எழுதாமல், "சர்க்கரை வந்திருக்கவில்லை என்பதாகச் சொன்னார்" என்று சற்றுச் செயற்கையாகவேனும் எழுதிவிட்டு, அதன்பிறகு "ஹீ செட் தட் த ஷுகர் ஹேட் நாட் அரைவ்ட்" என்று எழுதினேன். அந்த நடுவரி தமிழ் அழகாக இருக்கவேண்டியதில்லை. அதை யாருக்கும் காட்டப்போவதில்லை.

ஏவல் வாக்கியங்களில் நம் மொழி இன்னும் தாராளமாக உதவுகிறது. "கதவைச் சாத்து" என்று அம்மா சொன்னதை "கதவைச் சாத்தச் சொன்னார்" என்கிறோம் அல்லவா, அந்த 'சாத்த' என்ற எச்சம்தான் ஆங்கிலத்தின் 'டு ஷட்'. "ஷீ டோல்ட் மீ டு ஷட் த டோர்" என்பதில் புதிதாக எதுவும் இல்லை. "போக வேண்டாம் என்றார்" என்பது 'நாட் டு கோ' ஆகும். நான் பார்த்தவரையில் இந்தப் பகுதியைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

வினாக்கள் அப்படி எளிதில் முடிவதில்லை. "எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார்" என்பதை "ஹீ ஆஸ்க்ட் மீ வேர் டூ யூ வொர்க்" என்று எழுதுவது நம்மிடம் மிகப் பரவலான தவறு. ஆங்கிலத்தில் வினா என்பது சொற்கள் நிற்கும் வரிசையில் இருக்கிறது, எடுத்துச் சொல்லும்போது அது வினாவாக இருப்பதில்லை, ஆகவே வரிசையும் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடுகிறது: "வேர் ஐ வொர்க்ட்." 'டூ', 'டிட்' ஆகியவற்றுக்கு அங்கே வேலை இல்லை. ஆம், இல்லை என்று விடை வருகிற வினாவில், "வருவாரா" என்பதன் இறுதியில் நிற்கிற அந்த 'ஆ' என்ற எழுத்தின் வேலையை 'இஃப்' அல்லது 'வெதர்' செய்கிறது. 'தட்', 'இஃப்' இரண்டையும் சேர்த்து எழுதுகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஒன்று வந்தால் மற்றொன்று வராது.

காலம் பின்னோக்கிப் போகும் விதியை நீங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. 'செஸ்' என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் காலம் மாறாது என்பதும், பூமி சூரியனைச் சுற்றுவது போன்ற பொது உண்மைகள் மாறவேண்டியதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 'ஹியர்' என்றால் 'தேர்', 'டுடே' என்றால் 'தட் டே' என்ற அட்டவணையை மட்டும் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். தேர்வுத்தாளில் அப்படி மாற்றுவதே பாதுகாப்பு. உண்மையில், அதே அறையில் நின்றுகொண்டு எடுத்துச் சொன்னால் 'ஹியர்' அப்படியே இருக்கும். அதே நாளில் சொன்னால் 'டுடே' மாறாது. அந்தத் திங்கட்கிழமையே கோவை அலுவலகத்தாரைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் "ஹீ செட் ஹீ வில் கம் டுமாரோ" என்று சொல்லியிருந்தாலும் பிழையில்லை. அட்டவணையை விட, யார், எங்கே, எப்போது நின்று பேசுகிறார் என்ற கேள்விதான் நம்பத்தக்கது.

இனிச் செயப்பாட்டுவினை, அதாவது பாசிவ். தமிழில் 'படு' என்ற துணைவினை இருக்கிறது என்பதற்காக, 'படு' வருகிற வாக்கியங்களைத் தேடி ஆங்கிலமாக்கினால் பயிற்சி வறண்டுபோகும். ஏனென்றால் வீட்டில் யாரும் "பாத்திரங்கள் கழுவப்பட்டன" என்று பேசுவதில்லை. "பாத்திரம் கழுவியாச்சு" என்கிறோம். செய்தவரைச் சொல்லாமல் விட நம் மொழியில் 'படு' தேவையே இல்லை. செயப்படுபொருளையே செய்ததுபோல வைத்துப் பேசுவது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியத்தின் வினையியல் ஒத்துக்கொள்கிறது. உரைகாரர்கள் அதற்குத் தந்த எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று' என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் அந்த வசதி மிகக் குறைவு. முழு வாக்கியமானால் எழுவாயின் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். செய்தவர் யாரென்று தெரியாதபோது அல்லது சொல்ல விரும்பாதபோது, செயப்படுபொருளைத் தூக்கி அந்த நாற்காலியில் அமர்த்துவதுதான் செயப்பாட்டுவினையின் வேலை. ஆகவே தமிழில் நீங்கள் தேடவேண்டியது 'படு' அன்று. செய்தவர் காணாமற்போன வாக்கியங்களை. அவை பெரும்பாலும் 'ஆங்க' என்று முடியும். "வண்டியைத் திருடிட்டாங்க" என்று ஒருவர் புலம்பும்போது அந்த 'ஆங்க' யாரென்று அவருக்கே தெரியாது. அதுதான் "மை பைக் ஹேஸ் பீன் ஸ்டோலன்." "எங்க தெருவுல ரோடு போட்டுக்கிட்டிருக்காங்க" என்பது "த ரோட் இஸ் பீயிங் லெய்ட்." "கட்டணத்தை ஏத்தப்போறாங்க" என்பது "த ஃபேர் வில் பீ ரெய்ஸ்ட்." தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்றால் இப்படிப்பட்ட வாக்கியங்கள் எத்தனையோ கிடைக்கும். பள்ளி அட்டவணையில் பன்னிரண்டு காலங்களில் எட்டுக்கு மட்டுமே செயப்பாட்டுவினை கொடுத்திருப்பார்கள். அந்த எட்டில் பெரும்பாலானவற்றைத் தேநீர்க் கடைப் பேச்சு தொட்டுவிடும் என்பதை எழுதிப்பார்த்தால் காண்பீர்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. "எனக்கு வேலை கொடுத்தாங்க" என்பதை ஆங்கிலத்தில் "ஐ வாஸ் கிவன் எ ஜாப்" என்பது இயல்பு. நம் மொழியில் 'நான் கொடுக்கப்பட்டேன்' என்றால் யாரோ என்னைத் தானமாகக் கொடுத்துவிட்டதாகப் பொருள்படும். அதனாலேயே நம் மனம் அந்த வடிவத்தைத் தொட அஞ்சுகிறது. கொடு, சொல், கற்பி, காட்டு, அனுப்பு போன்ற வினைகளில் பெறுபவரை எழுவாயாக்கித் தனியாக ஒரு வாரம் எழுதிப் பழகுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. 'விபத்து நடந்தது' என்பதை "த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்" என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். 'ஹேப்பன்', 'டை', 'அரைவ்' போன்றவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். நாற்காலியில் உட்காரவைக்க அங்கே பொருளே இல்லை. 'யாரை, எதை' என்று வினையிடம் கேட்டுப்பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் செயப்பாட்டுவினை இல்லை.

'பை' என்பதைக் கட்டாயமாக ஒட்டவேண்டும் என்ற பழக்கத்தையும் விடவேண்டும். "ஹீ வாஸ் அரெஸ்டட்" என்ற பிறகு 'பை த போலீஸ்' எதற்கு? செய்தவரை மறைக்கத்தானே பல நேரங்களில் இந்த வடிவத்தையே தேர்ந்தெடுக்கிறோம். 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றித் தம் நாடாளுமன்ற உரையில் "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். தவறுகள் செய்யப்பட்டன, செய்தவர் யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. நம் அலுவலகச் சுற்றறிக்கைகளில் வருகிற 'அறிவுறுத்தப்படுகிறது' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டு பகுதிகளையும் ஒரே இடத்தில் பழக, நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் போல வேறொன்று இல்லை. "கைது செய்யப்பட்டார்", "மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்", "விசாரணை நடந்துவருவதாகப் போலீசார் தெரிவித்தனர்" என்று ஒரே செய்தியில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு தமிழ்ச் செய்தியைப் படித்துவிட்டு நாளிதழை மூடிவைத்து, ஆறேழு வரிகளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு அதே நிகழ்வை ஓர் ஆங்கில நாளிதழ் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். தலைப்புகளைப் பார்த்து மட்டும் பழகாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த அங்கே 'இஸ்', 'வாஸ்' ஆகியவற்றை விழுங்கிவிடுவார்கள்.

தேர்வைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை. எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல்நிலைத் தாளில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். கொடுத்த வாக்கியத்தில் வினையின் காலத்தை மட்டும் முதலில் பார்த்துவிட்டு, காலம் பொருந்தாத விடைகளைக் கழித்துவிட்டால் மீதம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். "ஓபன் த டோர்" என்பதை "லெட் த டோர் பீ ஓபன்ட்" என்று மாற்றுவது போன்றவை தாளுக்கு வெளியே அநேகமாக எங்கும் வராது. அவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரம் பார்த்துக்கொண்டால் போதும்.

திருத்த ஆள் இல்லையே என்று கேட்பீர்கள். எனக்கும் இருக்கவில்லை. எழுதியதை ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, மூலத் தமிழை மறைத்துக்கொண்டு, என் ஆங்கிலத்தை மட்டும் பார்த்து அதை மீண்டும் தமிழாக்குவேன். யார் வருகிறார், எந்த நாளில் வருகிறார், யாரிடம் சொன்னார் என்பவை மூலத்தோடு ஒத்துவராத வரிகளில் சிவப்பு மையால் கோடிடுவேன். முதல் மாதத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாகத்தான் இருந்தது. கோடு விழுந்த இடங்களில் பாதிக்குமேல் 'ஐ', 'ஹீ' தடுமாற்றம்.