மோட்டார் ஹோம் தொழிற்சாலையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கி வாழ வசதியுள்ள வண்டி) தயாரிக்கும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன். குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கட்டும் வரிசையைக் கவனியுங்கள். வீட்டில் சுவர் எழுப்பிய பிறகே சாமான்களை உள்ளே கொண்டு போகிறோம். இங்கோ, பெரும்பாலும் வேறொரு நிறுவனம் எஞ்சினும் சக்கரங்களும் பொருத்தி அனுப்பும் அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) மேல் தரையைப் பதித்து, அலமாரிகளையும் குளியல் தொட்டியையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகே பக்கச் சுவர்களைத் தூக்கி வைக்கும் தொழிற்சாலைகள் பல உண்டு. குறுகிய வாசல் வழியே பெரிய சாமான்கள் நுழையா என்பதே காரணம்.

ஜன்னலுக்காக அறுத்தெடுத்த சுவர்த் துண்டு எங்கேனும் கிடந்தால், அதன் ஓரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளியே ஃபைபர் கிளாஸ், நடுவே நுரைப் பலகையும் அலுமினியச் சட்டமும், உட்புறம் மெல்லிய ஒட்டுப்பலகை என்று அடுக்குகள் தெரியும். விளம்பரத் தாளைவிட அந்தத் துண்டு நேர்மையானது என்பது என் எண்ணம்.

நீர்க்கசிவுச் சோதனையைத் தவறவிடாதீர்கள். சில இடங்களில் வண்டியின் மீது செயற்கை மழை பொழிவார்கள். வேறு சில இடங்களில் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளியே மூட்டுகளில் சோப்பு நீர் தெளிப்பார்கள். குமிழ் எழும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. கூரையில் புகும் நீர் ஒட்டுப்பலகையை ஓசையின்றி உளுத்துப்போகச் செய்துவிடுமாதலால், எனக்கு இதுவே எஞ்சினைவிட முக்கியமாகப் படுகிறது.

மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். படம் எடுக்கலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.